தாத்தா பாட்டி காலத்துக் கதையை எழுதி வைக்க: தமிழ்நாட்டுக் கிராமக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குடும்பக் கதையை ஒருநாள் உட்கார்ந்து எழுதணும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவர் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறார். பெரும்பாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் அது தள்ளிப்போகிறது. வம்சாவளிப் படம் போடலாம் என்று உட்கார்வார்கள், கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது, அத்தோடு நோட்டு மூடப்படும்.

பெயர்களில் தொடங்காதீர்கள். நிலத்திலும் வேலையிலும் தொடங்குங்கள். கிராமத்துப் பெரியவர்களின் ஞாபகம் வயலையும் கிணற்றையும் மாட்டையும் மழையையும் ஒட்டித்தான் இருக்கிறது. "நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க" என்று கேட்டால் பதில் வராது. "நம்ம கெணறு யார் வெட்டுனது" என்று கேட்டுப் பாருங்கள், மூன்று தலைமுறை ஆட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். சொந்த நிலமே இல்லாத குடும்பமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். யார் நிலத்தில் பாடுபட்டார்கள், பண்ணையாளாகவா, தினக்கூலிக்கா, கூலி நெல்லாக வந்ததா காசாக வந்ததா என்பதெல்லாம் எந்த அலுவலகப் பதிவேட்டிலும் உங்கள் வீட்டு ஆட்களின் பெயரோடு இருக்காது. அவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் யாரிடம் போவது

வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள், அதுவும் இந்த மாதமே. எல்லா விஷயமும் தெரிந்தவர் என்று குடும்பத்தில் பெயர் எடுத்த ஒரு பெரியப்பா இருப்பார், அவரிடம் அப்புறம் போனால் போதும். அவர் பலமுறை சொல்லிச் சொல்லிப் பழகிய கதை அவரிடம் பத்திரமாக இருக்கும். இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்காதவர்களிடம்தான் அவசரம்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அத்தைப்பாட்டிகளை, அதாவது தாத்தாவின் அக்கா தங்கைகளை. பதினைந்து பதினாறு வயதில் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்களின் மனதில் பிறந்த வீடு அன்றைக்கு இருந்தபடியே இருக்கும். எந்த மூலையில் குதிர் இருந்தது, தொழுவத்தில் எத்தனை உருப்படி நின்றது, யார் கோபக்காரர் என்று பின்னால் வந்த எதுவும் கலக்காமல் சொல்வார்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டு எழுதிய குடும்ப வரலாற்றில் பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று பெயரே இல்லாமல் நிற்பதைப் பார்க்கலாம். தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயர், பிறந்த ஊர், அவளுடைய அம்மாவின் பெயர், மூன்றும் வேண்டும்.

உறவுக்கு வெளியேயும் போங்கள். உங்கள் வீட்டில் ஏர் ஓட்டியவர், பிரசவம் பார்த்தவர், எதிர் வீட்டுக்காரர், வண்டி செய்துகொடுத்த ஆசாரி, இவர்கள் எல்லாம் உங்கள் குடும்பத்தை வெளியிலிருந்து பார்த்தவர்கள். வீட்டு ஆட்கள் சொல்லாததைச் சொல்வார்கள். சில சமயம் அது கேட்கச் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்

இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் பல குடும்பங்களில் வேலை நின்றுபோவது இங்கேதான். வெளியூரில் இருக்கும் பேரன் திடீரென்று வந்து பழைய பத்திரம் எங்கே இருக்கிறது, அந்தக் கரைக்காடு யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்தால் ஊரில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பாகம் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்றுதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நிலம் அப்படிப்பட்ட விஷயம்.

அதனால் முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் பத்திரப் பேச்சையே எடுக்காதீர்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரே சமயத்தில் சொல்லுங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரைக் கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் ஒருவர், வெளியூரில் இருக்கும் ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்து செய்தால் சந்தேகம் வராது, வேலையும் நடக்கும்.

பதிவு செய்வது

கைபேசி போதும். ஆனால் விமானப் பயன்முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து அறுந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள், டிவியை அணையுங்கள். கைபேசியை மேசை மேல் அப்படியே வைக்காமல் மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு ஒரு முழம் தூரத்தில் வையுங்கள். பதிவுச் செயலியில் வேவ் என்ற வடிவம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், இடம் அதிகம் பிடித்தாலும் குரல் முழுதாக இருக்கும். தொடங்கும்போது தேதி, ஊர், பேசுபவர் பெயர், நீங்கள் யார், இவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் உள்ளே விவரம் இருக்கும்.

பதிவு செய்கிறேன் என்று கட்டாயம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒளித்து வைத்துப் பதிவு செய்த கதையை நாளைக்கு எந்த முகத்தோடு புத்தகத்தில் போடுவீர்கள்? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எண்பது வயதுக்காரர் களைத்த பிறகு சொல்வதில் பெயர்கள் குழம்பும். அன்றைக்கு விட்டதை அவரே இரவெல்லாம் யோசித்து மறுநாள் சொல்வார்.

என்ன கேட்பது

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல, பட்டோம், கெடந்தோம்" என்பதோடு முடிந்துவிடும். சின்னதாக, கையால் தொடக்கூடியதாகக் கேளுங்கள். இந்த அம்மிக்கல் எங்கிருந்து வந்தது? கிணற்றில் கமலை இறைத்தது யார், எந்த மாடு? மோட்டார் வந்தது எப்போது, அதற்குக் கடன் யார் கொடுத்தார்கள்? பஸ் வருவதற்கு முன்னால் சந்தைக்கு எப்படிப் போவீர்கள்? மழை பெய்யாத வருடம் என்ன சாப்பிட்டீர்கள்? நம் வீட்டிலிருந்து கொழும்புக்கோ பர்மாவுக்கோ மலேயாவுக்கோ போனது யார்? திரும்பி வராதவர் உண்டா?

நடக்க முடிந்தவராக இருந்தால் வயலுக்கே கூட்டிப்போங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது, கல்லாங்காடு, பள்ளச்செய், கிணத்துமேடு என்று. அந்தப் பெயர்கள் பட்டாவில் இல்லை, அங்கே வெறும் புல எண் மட்டும்தான். வரப்பில் நின்றுகொண்டு அவர் கை நீட்டிச் சொல்லச் சொல்ல ஒரு தாளில் படம் வரையுங்கள், அந்தந்த இடத்தில் கைபேசி வரைபடத்தில் ஒரு குறியும் போட்டுவிடுங்கள். எந்த மரத்தடியில் கஞ்சி குடித்தார்கள், எந்த வரப்புக்காகச் சண்டை வந்தது, வாய்க்காலில் யாருக்கு முதல் தண்ணீர் என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் வரும். வீட்டுத் திண்ணையில் வராது.

பெண்களிடம் கேட்கும்போது ஒரு விஷயம். அந்தத் தலைமுறைப் பாட்டிகள் பலர் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சிலர் மாமனார் பெயரையும். கட்டாயப்படுத்தாதீர்கள், பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளையைச் சொல்லச் சொல்லிவிட்டுப் பாட்டி தலையாட்டினால் போதும். அப்புறம் பாட்டு. தாலாட்டிலும் நடவுப் பாட்டிலும் ஒப்பாரியிலும் மாமன் பெயர், ஊர் பெயர், செய்த சீர், பட்ட அவமானம் எல்லாம் கோத்து வரும். ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாட மாட்டோம் என்பார்கள், அதற்கு மதிப்பு கொடுங்கள். சிலர் வெளியே, கோயில் பக்கமோ தோட்டத்திலோ உட்கார்ந்தால் நாலு வரி சொல்வார்கள். அந்த நாலு வரியில் அண்ணன் தம்பி பகை முழுதும் இருக்கலாம்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது

பெரியவர்கள் சொல்லும் வயதையும் ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதியையும் அப்படியே எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கக் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்தார்கள். தொட்டால் ஐந்து வயது. வாத்தியார் ஒரு தேதி போட்டுக்கொண்டார். அந்தத் தேதிதான் இன்றைக்கும் எல்லா அட்டையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதைவிட நம்பகமான வழி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்துக்கு முன்னா பின்னா என்று கேட்பது. காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அதற்கு முன்பு ரூபாய்க்கு 16 அணா, அதனால் கல்யாணச் செலவை அணாவில் சொன்னால் ஏறக்குறைய எந்தக் காலம் என்று பிடிபட்டுவிடும். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22, 23. இந்தி எதிர்ப்புப் போராட்டம் பெரிதாக வெடித்தது 1965 ஜனவரியில். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3, காமராஜர் 1975 அக்டோபர் 2, எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24. டெல்டாப் பக்கம் 1977 நவம்பர் புயலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளியில் சாப்பிட்டீர்களா என்ற கேள்வியும் நல்ல கேள்வி, ஏனென்றால் காமராஜர் காலத்து மதிய உணவு 1956-இல் தொடங்கியது, எம்.ஜி.ஆரின் சத்துணவு 1982 ஜூலையில். "எம்.ஜி.ஆர். செத்தப்ப நான் நெறமாசம்" என்று ஒரு அத்தை சொல்லிவிட்டால் அந்தக் குழந்தை பிறந்தது 1987 கடைசியிலோ 1988 தொடக்கத்திலோ என்று தெரிந்துவிட்டது.

தமிழ் வருடப் பெயர் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது 60 வருடத்துக்கு ஒருமுறை சுற்றி வரும் என்பதை மறக்காதீர்கள். விரோதி வருடம் என்றால் 1889, 1949, 2009, மூன்றில் ஒன்று. ஆளைப் பார்த்தே எது என்று முடிவு செய்துவிடலாம். வருடம் சித்திரையில் பிறப்பதால் விரோதி வருடம் தை மாசம் என்றால் அது 1950-க்குள் வந்துவிடும், இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாட்டியின் பாட்டி சொன்ன கதையாகத் தாது வருடப் பஞ்சம் என்று வந்தால் அது 1876. அந்தப் பெரும்பஞ்சம் 1878 வரை நீடித்தது. அப்போது ஊர்விட்டு ஊர் வந்ததாக ஒரு கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், வந்த வழியைக் கேளுங்கள், எந்த ஊர் வழியாக, யார் இடம் கொடுத்தார்கள் என்று.

அளவுகளையும் அவர்கள் சொன்னபடியே எழுதிவிட்டுப் பக்கத்தில் இன்றைய கணக்கைப் போடுங்கள். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நெல் அளப்பதில் 12 மரக்கால் ஒரு கலம், ஆனால் மரக்கால் ஊருக்கு ஊர் வேறு. அதனால் நம் ஊர் மரக்கால் எத்தனை படி என்று கேட்டு அதையும் குறித்துவிடுங்கள்.

காகிதங்கள்

பேச்சு ஓரளவு சேர்ந்த பிறகு தகரப்பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பத்திரம்தான் முக்கியம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிட மொய் நோட்டுதான் பெரிய புதையல். யார் வந்தார்கள், எந்த ஊர், என்ன முறை, எத்தனை ரூபாய் என்று ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் முழுவதும் ஒரே நாளில் எழுதப்பட்ட பட்டியல் வேறு எங்கே கிடைக்கும்? நாற்பது வருட இடைவெளியில் இரண்டு மொய் நோட்டு கிடைத்தால் எந்த ஊரோடு உறவு விட்டுப்போனது, எந்த ஊர் புதிதாகச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம், பணவிடைத்தாள், ஜாதகக் குறிப்பு, கூட்டுறவுச் சங்கக் கடன் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

பழைய கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள், கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று. அதைச் சேர்த்துப் படித்தால் அன்றைய ஊரே கண்முன் வரும். வில்லங்கச் சான்று, அதாவது ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், 1975-க்குப் பிந்தைய காலத்துக்குப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டியிருக்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஊர் நிலங்களின் புல எண் வாரியான பட்டியல்), புலப்படம் எல்லாம் வருவாய்த்துறையில் இருக்கின்றன. 1980-களில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பல இடங்களில் புல எண்கள் மாறிவிட்டன, ஆகவே தாத்தா பத்திரத்தில் இருக்கும் எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிடுமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய எண், புதிய எண் இரண்டையும் கேட்டுவிடுங்கள். 1980-இல் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதற்கு முன் ஊர்க் கணக்கு அவர்கள் கையில் இருந்தது. மாவட்டப் பெயரும் குழப்பும். இன்று சிவகங்கை, விருதுநகர் என்று இருப்பது 1985-க்கு முன் ராமநாதபுரம் மாவட்டம். ஊர் ஜமீனில் இருந்திருந்தால் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகான காகிதங்களைத் தேடுங்கள், உங்கள் குடும்பத்துக்கு முதன்முதலில் பட்டா கிடைத்ததே அதற்கு அப்புறமாக இருக்கலாம். இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஆனால் தொடக்கத்திலேயே அங்கே போய் உட்கார வேண்டாம்.

குலசாமி கோயிலையும் ஒரு ஆவணமாக நினையுங்கள். இன்று இருக்கும் ஊருக்கும் குலசாமி ஊருக்கும் தூரம் இருந்தால் முன்னோர் அங்கிருந்து பெயர்ந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. பூசாரியிடமும், வரி கொடுக்கும் தலைக்கட்டுப் பட்டியலிலும் நீங்கள் பார்த்தே இராத பங்காளிகள் கிடைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், இரண்டும் நாளடைவில் தாளைக் கெடுக்கும். நிழலான பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துவிட்டு, இருந்தபடியே திருப்பிக் கொடுங்கள். புகைப்படத்தின் பின்னால் பேனாவால் அழுத்தி எழுத வேண்டாம், மென்மையான பென்சில் போதும். ஓலைச்சுவடி ஏதாவது அகப்பட்டால் எண்ணெய் தடவி வீட்டு வைத்தியம் பார்க்காமல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ அணுகுங்கள்.

எழுதுவது

சரி, இப்போது எழுத வேண்டும். பிறப்பு, கல்யாணம், பிள்ளைகள், இறப்பு என்று வரிசையாக எழுதினால் குடும்ப அட்டையைப் படிப்பதுபோல் இருக்கும். ஒரு கிணறு, ஒரு கல்யாணம், ஒரு வழக்கு, ஒரு பயணம் என்று ஒவ்வொன்றையும் ஓர் அத்தியாயமாக எழுதுங்கள். இரண்டு மூன்று பக்கம் போதும், ஒவ்வொன்றும் தனியாகப் படிக்கத்தக்கதாக இருக்கட்டும். பத்து அத்தியாயம் சேர்ந்துவிட்டால் அதுவே புத்தகம். வம்சாவளிப் படத்தைக் கடைசிப் பக்கத்தில் போடுங்கள், பேரன்களுக்குத் தாத்தா பெயரையே வைத்திருப்பார்கள் என்பதால் ஒரே பெயர்க்காரர்களுக்கு எண்ணோ பட்டப்பெயரோ சேர்த்து.

கதை சொல்லும் உங்கள் நடை எதுவாகவும் இருக்கலாம். அவர்கள் பேசியது மட்டும் அவர்கள் பேச்சிலேயே இருக்க வேண்டும். அப்பத்தா "வந்தாக, போனாக" என்றால் அப்படியே, அம்மாயி "என்னுங்க சாமி" என்றால் அப்படியே. கைபேசியின் குரல் தட்டச்சு வட்டார வழக்கைத் தானாகவே திருத்திப் புத்தகத் தமிழ் ஆக்கிவிடும், ஆகவே முக்கியமான இடங்களைக் காதால் கேட்டுக் கையால் எழுதுங்கள். எல்லாம் யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த எத்தனையோ கோப்புகள் இன்று திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எது சரி என்று தீர்ப்பு சொல்லாமல் இரண்டையும் பெயரோடு போடுங்கள்.

சொல்லக் கூசும் விஷயங்களும் வரும். இரண்டாம் தாரம், தற்கொலை, குடி, யாரையோ ஏமாற்றி வாங்கிய நிலம், வீட்டில் வேலை செய்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளி நிறுத்தியது, அல்லது அப்படித் தள்ளி நிறுத்தப்பட்டது. உயிரோடு இருப்பவர்களை நோகடிக்கும் ரகசியத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. அதைத் தனியாக எழுதி மூடி வைக்கலாம். ஆனால் சாதியால் நடந்ததை மழுப்பாதீர்கள். தனிக் குவளை வைத்த வீடு என்றால் வைத்தோம் என்றே எழுதுங்கள், நம் ஆட்கள் அந்தக் குவளையில் குடித்தவர்கள் என்றால் யார் வீட்டு வாசலில் என்று எழுதுங்கள். பெருமைகளை மட்டும் அடுக்கிய குடும்ப வரலாற்றை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள்.

பத்திரப்படுத்துவதும் கொடுப்பதும்

ஒலிக்கோப்பு, படம், எழுத்து மூன்றுக்கும் மூன்று பிரதி வையுங்கள்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. அந்த ஹார்ட் டிஸ்க் வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், ஊர், ஆள் பெயர் மூன்றும் இருக்கட்டும். இணையச் சேமிப்பின் கடவுச்சொல் உங்களைத் தவிர இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பிரதியை அச்சுக்குக் கொடுக்காமல் ஜெராக்ஸ் எடுத்துச் சுருள் பைண்டிங் போடுங்கள். எழுத்து பெரிதாக, வலது பக்கம் முழுவதும் வெறுமையாக இருக்கட்டும். யார் யாரிடம் கேட்டீர்களோ அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு பிரதியைப் பேனாவோடு கொடுத்து, தப்பு இருந்தால் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள் என்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை படித்துக் காட்டட்டும், அப்போதும் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும், "அது அப்படி இல்லடா" என்று அவர்கள் இடைமறிக்கும் இடத்தில்தான் அடுத்த அத்தியாயம் கிடைக்கும். குலசாமி கும்பிடும் நாளுக்கோ ஒரு கல்யாணத்துக்கோ ஒரு மாதம் முன்பு கொடுத்தீர்கள் என்றால், எல்லோரும் ஒரே இடத்தில் கூடும்போது திருத்தங்களைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகம் அதற்கு அடுத்த வருடம். அதில் ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்கும் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.